சொந்தப் பெயரில் ஒரு வாக்கு

(நம் அறக்கட்டளையின் மகளிர் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே தருகிறோம்.)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

  

இன்று பெண்களின் வாக்குரிமை வரலாறு பற்றிப் பேசுகிறோம். வரலாற்றுக்குப் போவதற்கு முன் எங்கள் தவறு ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் அறக்கட்டளையிலிருந்து மாதந்தோறும் விதவைத் தாய்மார்களுக்கு உதவித்தொகையும் அரிசியும் கொடுத்து வருகிறோம். அதற்கொரு பதிவேடு உண்டு. அதில் பெண்களின் பெயர் எப்படி இருந்தது தெரியுமா? “மர்ஹூம் இன்னார் மனைவி, இன்ன வீதி.” அவ்வளவுதான். ஆண்டுக்கணக்கில் அப்படியே எழுதி வந்தோம். ஒரே வீதியில் இரண்டு தாய்மார்கள். இருவரின் மர்ஹூமான கணவர்களுக்கும் ஒரே பெயர். பதிவேட்டைப் புதிதாக எழுதியபோது, ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகிவிட்டதாக நினைத்து ஒரு வரியை அடித்துவிட்டோம். அந்த அம்மாவுக்கு மூன்று மாதம் உதவி போகவில்லை. அவர்களும் வந்து கேட்கவில்லை. “நிறுத்திட்டாங்க போல” என்று இருந்துவிட்டார்கள். எங்கள் சகோதரி ஒருவர் வேறு வேலையாக அந்த வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. “உங்க பேரு என்னம்மா?” என்று கேட்டதற்கு அந்த அம்மா சிரித்துவிட்டுச் சொன்னார்கள்: “என் பேரா? அதை யாரு கேட்டா இத்தனை வருஷமா?”

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டோம். விடுபட்ட மூன்று மாத உதவியையும் சேர்த்துக் கொடுத்தோம். ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி எங்களை விடவில்லை. ஒரு பெண்ணின் பெயர் பட்டியலில் அவளுடைய பெயராகவே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் நூறு ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டுப் பெண்கள் போராடினார்கள். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ஆண்களுக்கு 1871, பெண்களுக்கு 1945

நம் புதுச்சேரியிலிருந்தே தொடங்குவோம்.

இந்தியாவின் பிற பகுதிகளில் சாதாரண மக்கள் வாக்குச் சீட்டையே பார்த்திராத காலத்தில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஊர்களின் ஆண்கள் வாக்களித்தார்கள். 1871 முதல் பாரிஸ் நாடாளுமன்றத்திற்கு இங்கிருந்து ஓர் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1880இல் நகராட்சிகள் வந்தன. சொத்து இருக்கிறதா, வரி கட்டுகிறாயா என்று கேட்கவில்லை. வயது வந்த ஆண் என்றால் போதும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், இந்தியருக்கு வேறு பட்டியல் என்று பிரித்து வைத்திருந்தார்கள். சில நூறு பேர் உள்ள பட்டியலுக்கும் பல்லாயிரம் பேர் உள்ள பட்டியலுக்கும் உள்ளூர் மன்றங்களில் ஏறத்தாழச் சமமான பலம். தேர்தல் நாளில் அடிதடி, பெட்டியில் கள்ள வாக்கு, இறந்தவர் பெயரில் வாக்கு ஆகியவற்றுக்கு அந்தக் காலத்துப் புதுச்சேரித் தேர்தல்கள் பெயர் போனவை. காகிதத்தில் உரிமை இருந்தும் தன் வாக்கைத் தானே போட முடியாதவர்களாகப் பல ஆண்கள் இருந்தார்கள்.

பெண்களுக்கோ அந்தக் காகித உரிமையும் இல்லை. காரணம் பிரான்சிலேயே பெண்களுக்கு வாக்கு இல்லை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று 1789 முதல் முழங்கிய நாடு அது. 1919இல் அந்நாட்டுக் கீழ்ச்சபை பெண்களுக்கு வாக்களிக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. 1922இல் மேல்சபை அதைத் தள்ளிவிட்டது. பெண்களுக்கு வாக்குக் கொடுத்தால் பாதிரியார் சொல்கிற ஆளுக்குப் போட்டுவிடுவார்கள் என்பது அந்த உறுப்பினர்களில் பலரின் பயம். பெண்ணுக்குத் தன் புத்தியால் முடிவெடுக்கத் தெரியாது என்ற எண்ணம் கிழக்கில் மட்டும் இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

இஸ்லாமிய உலகம்தான் பெண்களைப் பின்னுக்குத் தள்ளியது என்று நம் பிள்ளைகளிடம் யாராவது சொன்னால், சில ஆண்டுகளை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அஸர்பைஜான் 1918இல் குடியரசானது. அந்தக் குடியரசு பெண்களுக்கும் வாக்குரிமை கொடுத்தது. துருக்கியில் 1934இல் பெண்கள் நாடாளுமன்றத்திற்கு வாக்களிக்கவும் போட்டியிடவும் உரிமை பெற்றார்கள். பிரான்சில் அந்த உரிமை வந்தது 1944 ஏப்ரல் 21ஆம் தேதி ஆணையால். பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945இல். துருக்கிக்கும் பிரான்சுக்கும் இடையில் பத்தாண்டு வித்தியாசம்.

அதன் பிறகுதான் நம் ஊருக்கு வந்தது. 1945இல் பிரெஞ்சிந்தியாவின் பிரிவினைப் பட்டியல்கள் ஒழிக்கப்பட்டு ஒரே வாக்காளர் பட்டியல் ஆனது. அதில் பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். 1946இல் 44 உறுப்பினர்கள் கொண்ட பிரதிநிதித்துவ சபைக்குத் தேர்தல் நடந்தது. ஆண்கள் வாக்களிக்கத் தொடங்கி எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து நம் பாட்டிமார்களுக்கு வாக்கு வந்தது.

அப்போதும் ஒன்றைக் கவனியுங்கள். அதே பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த அல்ஜீரியாவில் முஸ்லிம் பெண்களுக்கு 1944 ஆணையின் பலன் கிடைக்கவில்லை. அவர்கள் 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்த முஸ்லிம் பெண்களுக்குப் பிற சமயப் பெண்களோடு சேர்ந்தே உரிமை கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ்.

சென்னையில் நடந்தது

இனி பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பக்கத்து மாகாணத்தைப் பார்ப்போம். கடலூரும் நாகூரும் பரங்கிப்பேட்டையும் அந்த மாகாணத்தில்தான் இருந்தன. நம் குடும்பங்களில் பாதிப் பேர் அங்கிருந்து பெண் எடுத்தவர்கள், அங்கே பெண் கொடுத்தவர்கள்.

1917இல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் அதை முன்னின்று நடத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரைச் சந்தித்தது. ஆண்களுக்கு எந்தத் தகுதியில் வாக்குக் கொடுக்கிறீர்களோ அதே தகுதியில் பெண்களுக்கும் கொடுங்கள் என்பது அவர்களின் கோரிக்கை. அந்தக் குழுவில் சுதந்திரப் போராட்ட வீரர் மௌலானா ஹஸ்ரத் மோகானியின் துணைவியார் பேகம் ஹஸ்ரத் மோகானியும் இருந்தார்.

பார்த்தீர்களா, நாங்களும் அவரைக் கணவர் பெயரால்தான் சொல்லிவிட்டோம். வரலாற்றுப் புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. அவருடைய சொந்தப் பெயர் நிஷாத்துன்னிஸா.

அந்தக் கோரிக்கை உடனே ஏற்கப்படவில்லை. இந்நாட்டின் பழக்கவழக்கத்தில் பெண்கள் வாக்களிப்பது நடக்காது என்று லண்டனிலிருந்து வந்த குழு சொல்லிவிட்டது. கோஷாப் பெண்கள் எப்படி வாக்குச்சாவடிக்கு வருவார்கள் என்ற கேள்வியும் எழுந்தது. பெண்களுக்குத் தனிச் சாவடி, தனி அலுவலர் வைத்தால் தீர்ந்தது என்று பெண்கள் தரப்பில் பதில் சொன்னார்கள். கோஷாப் பெண்களுக்கென்று 1885இல் தொடங்கிய மருத்துவமனை சென்னையில் இருந்தது. திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி என்றால் இன்றும் பெரியவர்களுக்குத் தெரியும். வைத்தியத்துக்கு வழி செய்ய முடிந்தவர்களுக்கு வாக்குக்கு வழி செய்ய முடியாதா? பர்தாவைக் காரணம் காட்டியவர்கள் பெரும்பாலும் பர்தா அணியும் பெண்களிடம் கேட்டுச் சொல்லவில்லை.

1919 சட்டம் அந்த முடிவை மாகாண சட்டசபைகளிடம் விட்டது. 1921 ஏப்ரலில் சென்னை சட்டசபை, பெண் என்ற காரணத்தால் வாக்கு மறுக்கக்கூடாது என்று தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் சென்னைதான் முதலாவது. ஆனால் வாக்களிக்கச் சொத்தோ வரியோ இருக்க வேண்டும். ஆண்களிலேயே சிறு பகுதியினருக்குத்தான் அந்தத் தகுதி இருந்தது.

இந்த இடத்தில் நம் சமூகத்துப் பெண்களுக்கு ஒரு தனி வசதி இருந்தது. ஷரீஅத் சட்டப்படி பெண்ணின் சொத்து பெண்ணுக்கே உரியது. திருமணத்தால் அது கணவருடையதாகிவிடாது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், காரைக்கால் போன்ற கடற்கரை ஊர்களில் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் தலைமுறைகளாக உண்டு. வீடு அவள் பெயரில், வரி ரசீது அவள் பெயரில் என்றால் சென்னை மாகாணத்தில் அந்தப் பெண் தன் சொந்தத் தகுதியிலேயே வாக்காளராக முடிந்தது. இங்கிலாந்தில் 1882 வரை திருமணமான பெண்ணின் சொத்து கணவர் கையில் இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

“மனைவி” என்ற தகுதி வேண்டாம்

அடுத்ததாக நடந்ததுதான் இன்றைய உரைக்கு மிக முக்கியமானது.

புதிய அரசியல் சட்டம் பற்றிப் பேச 1930இல் லண்டனில் வட்டமேசை மாநாடு கூடியது. இந்தியாவிலிருந்து இரண்டு பெண்கள் அழைக்கப்பட்டார்கள். ஒருவர் லாகூரைச் சேர்ந்த பேகம் ஜஹானாரா ஷாநவாஸ். மற்றவர் நம் தமிழ்நாட்டின் ராதாபாய் சுப்பராயன். பெண் வாக்காளர் எண்ணிக்கையை எப்படிக் கூட்டுவது என்ற பேச்சு வந்தது. பெண்களிடம் சொத்தும் இல்லை, படிப்பும் குறைவு. ஆகவே சொத்துள்ள ஆணின் மனைவிக்கு, அவன் மனைவி என்ற தகுதியில் வாக்குக் கொடுக்கலாம் என்று அரசு யோசித்தது.

1933இல் லண்டன் நாடாளுமன்றக் குழுவின் முன் இந்தியப் பெண்கள் அமைப்புகளின் சார்பில் மூன்று பேர் சாட்சியம் அளித்தார்கள். கபூர்தலாவின் ராஜகுமாரி அம்ரித் கௌர், புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பேகம் ஷரீஃபா ஹமீத் அலி. இவர்களில் ஒருவர் கிறிஸ்தவர், ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். சென்னை சட்டசபையில் உறுப்பினராகித் துணைத் தலைவராகவும் இருந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. ஷரீஃபா அம்மையார் காந்தியடிகளின் தோழர் அப்பாஸ் தயாப்ஜியின் மகள். பிற்காலத்தில், 1947இல், பெண்களின் நிலை பற்றிய ஐக்கிய நாடுகள் ஆணையத்தில் இந்தியாவின் சார்பில் இடம்பெற்றவர்.

இவர்கள் கேட்டது வயது வந்த எல்லோருக்கும் வாக்கு. மனைவி என்ற தகுதியில் வரும் வாக்கு எங்களுக்கு வேண்டாம் என்பதே அவர்கள் சார்ந்த அமைப்புகளின் நிலை. ஏனென்றால் அந்தத் தகுதியில் வரும் உரிமை கணவரின் சொத்தோடு வந்து, கணவரின் சொத்தோடு போய்விடும். திருமணமாகாதவளுக்கு அது இல்லை. ஏழையின் மனைவிக்கும் இல்லை. யாருக்குப் பாதுகாப்பு அதிகம் வேண்டுமோ அவள்தான் முதலில் விடுபடுவாள்.

அரசு அதைக் கேட்கவில்லை. 1935 சட்டம் மனைவி என்ற தகுதியைச் சேர்த்தே வந்தது. பெண் வாக்காளர்களின் எண்ணிக்கை சுமார் 60 லட்சமாக உயர்ந்தது என்பதும் உண்மைதான். ஆனால் 1950இல் நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த மூன்று பெண்கள் கேட்டதுதான் நிலைத்தது. 21 வயது நிறைந்த எவருக்கும் வாக்கு. பிறகு 1989 முதல் 18 வயது. அந்த அரசியல் நிர்ணய சபையில் சட்டம் நிறைவேறும் வரை இருந்த ஒரே முஸ்லிம் பெண் பேகம் குத்ஸியா அய்ஸாஸ் ரசூல். பர்தாவிலிருந்து நாடாளுமன்றம் வரை என்று தன் வாழ்க்கை வரலாற்றுக்குப் பெயர் வைத்தவர்.

28 லட்சம் பெயர்கள்

உரிமை வந்துவிட்டது. முதல் பொதுத் தேர்தல் 1951-52இல் நடந்தது. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். வீடு வீடாகப் பட்டியல் எடுக்கப் போனவர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. வட இந்தியாவின் சில மாநிலங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். “இன்னார் அம்மா”, “இன்னார் மனைவி” என்றே எழுதச் சொன்னார்கள். பெயர் இல்லாமல் பட்டியல் செல்லாது என்று ஆணையம் உறுதியாக இருந்தது. கடைசியில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அவர்கள் அந்த முறை வாக்களிக்கவில்லை.

எந்தச் சட்டமும் அவர்களைத் தடுக்கவில்லை, எந்தப் போலீசும் விரட்டவில்லை. சொந்தப் பெயர் பட்டியலில் ஏறவில்லை, அதனால் வாக்குப் போனது. எங்கள் பதிவேட்டில் அந்த விதவைத் தாய்க்கு நடந்ததும் இதுவேதான்.

பெண் தன் பெயரை வெளியே சொல்வது நம் மார்க்கத்தில் அடக்கமின்மை ஆகுமா? வரலாற்றைப் பாருங்கள். மதீனாவிலிருந்து வந்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் இரண்டாம் அகபா உடன்படிக்கையில் உறுதிமொழி கொடுத்தபோது அதில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். நுஸைபா பின்த் கஅப் (ரலி), அஸ்மா பின்த் அம்ரு (ரலி). பதினான்கு நூற்றாண்டுகள் கழித்தும் அவர்கள் பெயர் நமக்குத் தெரிகிறது. பின்த் என்றால் மகள். கணவர் பெயரோடு அல்ல, தந்தை பெயரோடு அவர்கள் அறியப்பட்டார்கள். பெண்களிடம் தனியே உறுதிமொழி பெறுவது பற்றித் திருக்குர்ஆனின் அல்மும்தஹினா அத்தியாயம் பேசுகிறது. கணவரோ தந்தையோ அவர்களுக்காகச் சேர்த்து உறுதிமொழி கொடுக்கவில்லை.

“உம்மு ஸலமா என்றால் ஸலமாவின் தாய் என்றுதானே பொருள்?” என்று ஒரு சகோதரி எங்களிடம் கேட்டார். நல்ல கேள்வி. அப்படி அழைப்பது அரபியரின் மரியாதை. ஆண்களையும் அபூ என்று சேர்த்து அப்படித்தான் அழைத்தார்கள். ஆனால் அதற்குப் பின்னால் சொந்தப் பெயர் தொலைந்துவிடவில்லை. அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் பெயர் ஹிந்த். ஹுதைபிய்யாவில் தோழர்கள் மனம் வருந்தி நின்றபோது, என்ன செய்யலாம் என்று நபிகளாருக்கு ஆலோசனை சொன்னவர் அவர். அந்த ஆலோசனை ஏற்கப்பட்டது. அது அவர் பெயரிலேயே பதிவானது. நம் வீட்டில் “ஹாஜியார் வீட்டம்மா” என்று அழைப்பதில் தவறில்லை. பதிவேட்டில் அது மட்டுமே இருந்தால்தான் தவறு.

நம் வீடுகளில்

நம் பாட்டிமார்கள் ஒன்றும் தெரியாதவர்களாக இருக்கவில்லை. இந்தோசீனாவும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து ஆண்கள் பலர் சைகோனுக்கு வியாபாரத்துக்கும் வேலைக்கும் போனார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் அந்த நகரத்தின் நடுவில் நிற்கிறது. ஆண்கள் ஆண்டுக்கணக்கில் கப்பலுக்கு அந்தப் பக்கம் இருந்தபோது இங்கே வீட்டை நடத்தியது யார்? வந்த பணத்துக்குக் கணக்கு வைத்தது, வழக்கு வந்தால் எதிர்கொண்டது, பிள்ளைகளுக்குத் திருமணம் பேசி முடித்தது எல்லாம் பெண்கள்தான். அவர்களில் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாமல் இருக்கலாம். ஆனால் அரபுத் தமிழ் தெரியும். குர்ஆன் ஓதக் கற்ற அதே எழுத்தில் கடிதம் எழுதவும் வாசிக்கவும் செய்தார்கள். அரசாங்கக் கணக்கில் அவர்கள் எழுத்தறியாதவர்கள்.

காரைக்காலை ஒட்டிய நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்பு வரைதான் பள்ளிக்குப் போனவர். 1938இல் அவர் எழுதிய ‘காதலா? கடமையா?’ நாவல் வெளிவந்தது. உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை தந்தார். ஒரு முஸ்லிம் பெண் தன் பெயரை அட்டையில் போட்டு நாவல் வெளியிட்டபோது அக்கம்பக்கத்தில் எத்தனை பேச்சு வந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பார்க்கலாம். அவர் பெயரை மாற்றவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

நம் ஊர் சார்ந்த இன்னொரு செய்தி. 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாதம் அவகாசம் தரப்பட்டது. எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கணவர் செய்யும் தேர்வு மனைவியின் குடியுரிமையைப் பாதிக்காது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். அதாவது மனைவி தன் கையெழுத்தைத் தானே போட வேண்டும். நம் வீடுகளில் எத்தனை பேர் அதை அறிந்திருந்தார்கள்? கணவர் போட்டால் போதும் என்று இருந்துவிட்ட வீடுகளும் உண்டு. ஒரு கையெழுத்தின் மதிப்பு பிள்ளைகள் காலத்தில்தான் தெரிந்தது.

இன்று நாம் செய்ய வேண்டியது

இன்று புதுச்சேரியில் ஆண் வாக்காளர்களைவிடப் பெண் வாக்காளர்கள் அதிகம். ஆனால் 2021 தேர்தலில் 30 தொகுதிகளில் வென்ற பெண் ஒரே ஒருவர், காரைக்கால் பகுதியின் நெடுங்காட்டிலிருந்து. சட்டசபையில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று 2023இல் சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் புதுச்சேரி சட்டசபைக்கும் அது நீட்டிக்கப்பட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகு நடைமுறைக்கு வரும் என்பது சட்டத்தின் ஏற்பாடு. அந்த நாள் வரும்போது நிற்பதற்கும் தேர்ந்தெடுப்பதற்கும் நம் பெண்கள் பட்டியலில் இருக்க வேண்டாமா?

அண்மையில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தபோது எங்கள் சகோதரிகள் வீடு வீடாக உதவச் சென்றார்கள். அதிகம் தடுமாறியவர்கள் திருமணமாகி வேறு ஊரிலிருந்து வந்த பெண்கள்தான். பழைய பட்டியலில் தங்கள் பெயரையோ பெற்றோர் பெயரையோ காட்ட வேண்டியிருந்தது. பிறந்த ஊர்ப் பட்டியலில் ஒரு பெயர், ஆதாரில் பீவி சேர்த்து ஒரு பெயர், ரேஷன் அட்டையில் பேகம் சேர்த்து ஒரு பெயர், பிரெஞ்சுப் பிறப்புப் பதிவில் வேறொரு எழுத்துக் கூட்டல். ஆண்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை.

ஆகவே இன்றைக்கு உங்களிடம் நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வீட்டு ஆண்கள் பார்த்துச் சொல்லட்டும் என்று விடாதீர்கள். பெயர் இல்லையென்றால் படிவம் 6. எழுத்துப் பிழை, முகவரி மாற்றம் என்றால் படிவம் 8. 18 வயது நிறையும் பெண் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் காத்திருக்க வேண்டியதில்லை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் தேதியைக் கணக்கில் வைத்து வயது பார்க்கிறார்கள்.

இரண்டு, எல்லாச் சான்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக் கூட்டல் இருக்கட்டும். மகளைத் திருமணம் செய்து அனுப்பும்போது நகையை எண்ணுகிற அதே கவனத்தோடு அவள் சான்றுகளையும் எண்ணிப் பையில் வைத்து அனுப்புங்கள்.

மூன்று, வாக்குச்சாவடியில் முகத்தைக் காட்டி அடையாளம் சொல்ல வேண்டியிருந்தால் பெண் அலுவலரிடம் காட்டலாம். கூச்சப்படாமல் கேளுங்கள். வாக்கு ரகசியமானது. யாருக்குப் போட்டாய் என்று கணவரும் கேட்கக்கூடாது, மகனும் கேட்கக்கூடாது, அறக்கட்டளையும் கேட்கக்கூடாது. யாருக்குப் போட வேண்டும் என்று நாங்கள் இங்கே சொல்லவும் மாட்டோம்.

நான்காவது, திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரியவர்களுக்கு. நம் மஹல்லாவின் சந்தாப் புத்தகங்களில் குடும்பத் தலைவர் என்று ஆண் பெயர் மட்டுமே இருக்கிறது. கணவரை இழந்து தானே உழைத்துச் சந்தா கட்டும் பெண்ணின் பெயரில் ரசீது போட்டால் என்ன குறைந்துவிடும்? இதை ஒரு விவாதமாக எழுப்பவில்லை. அடுத்த ஆண்டுப் புத்தகம் அச்சிடும்போது யோசியுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் பங்கை நாங்கள் செய்துவிட்டோம். அறக்கட்டளையின் புதிய பதிவேட்டில் முதல் கட்டத்தில் பெண்ணின் பெயர், இரண்டாவது கட்டத்தில் தந்தை பெயர், அதன் பிறகே கணவர் பெயர். எழுதத் தொடங்கியபோது சில தாய்மார்கள் தங்கள் பெயரை மெதுவாக, சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். உதவி விடுபட்டுப்போன அந்த அம்மா மட்டும் இந்த முறை சத்தமாகவே சொன்னார்கள். தந்தை பெயரையும் கேட்காமலே சேர்த்துச் சொன்னார்கள். “சரியா எழுதினியா, வாசிச்சுக் காட்டு” என்றும் கேட்டார்கள். வாசித்துக் காட்டினோம்.

இன்று வாசலில் மேசை போட்டு எங்கள் சகோதரிகள் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். வாக்காளர் அட்டை, ஆதார் கொண்டு வந்தவர்கள் பெயரைச் சரிபார்த்துவிட்டுப் போகலாம். கொண்டு வராதவர்கள் அடுத்த வாரம் ஜுமுஆவுக்குப் பிறகு வாருங்கள், இன்ஷா அல்லாஹ் இருப்போம். வர முடியாத முதியவர்கள் வீட்டில் இருந்தால் வீதியைச் சொல்லிவிட்டுப் போங்கள், நாங்களே வருகிறோம். சொல்லும்போது அவர்களின் சொந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

நம் பிழைகளை மன்னித்து, பொறுப்புகளை நிறைவேற்றும் ஆற்றலை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.